நிண்ட ஓட்டம்

சென்ற வாரம் யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு கராஜிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. யாரோ ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து இறக்கிய கார். அதன் நாலு சிலிண்டருக்கும் நாலு துரொட்டில், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திறந்து மூடுகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளவு பார்த்து விடுகிற கதவுகள் அவை. கராஜ்காரர் நாற்பது வயது மனிதர். மடிக்கணினியைக் காரோடு கொழுவி வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் நின்றார். "ஐயா, எல்லாம் சரி. ஐடில் மட்டும் நிக்குதில்லை. ஏறுது, இறங்குது" என்றார்.

நான் கொண்டுபோன இரண்டு அடி றப்பர்க் குழாயை எடுத்து, ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை ஒவ்வொரு துரொட்டிலின் வாயிலும் வைத்துக் கேட்டேன். மூன்று கதவுகள் ஏறக்குறைய மூடிக் கிடந்தன. ஒன்று மட்டும் அகலத் திறந்து, நாலுக்கும் சேர்த்துத் தானே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. சோர்ந்து கிடந்தவற்றைத் திருத்தாமல், சுகமாக இருந்ததைக் கூட்டி விட்டிருந்தார் மனிதர். நான் எஞ்சினை நிறுத்தினேன். எஞ்சினுக்கு மேலிருக்கும் பொனற்றை மெல்ல மூடினேன். "பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு மூன்று நாளாக ரெலிபோன் எடுத்து எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார். அவரில் பிழையில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் எங்கள் கராஜில் என்ன பொருள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதோடு, அவர் செய்த அதே களவை நானும் ஒருநாள் செய்தவன். அதை மறைத்துக்கொண்டு அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இதை எழுதி அவரிடம் கொடுப்பதாக இருக்கிறேன்.

எண்பத்து மூன்று ஆடி வரைக்கும் நான் கொழும்பில் ஒரு பெரிய வேர்க்ஷொப்பில் இருந்தேன். நீல ஓவரோல், பொக்கற்றில் பெயர், எதை அளப்பதற்கும் ஒரு மீற்றர். அந்த ஆடிக் கலவரத்தில் எல்லாம் போயிற்று. உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டு மாதம் கழித்து, சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் கண்டி வீதியோரம் இருந்த மகேசண்ணையின் கராஜில் சேர்ந்தேன். தகரக் கொட்டில், ஒரு குழி, ஒரு பூவரச மரம். மீற்றர் என்று பார்த்தால் மகேசண்ணையின் கைக்கடிகாரம் மட்டும்தான். நான் உள்ளுக்குள் சிரித்தேன் என்பதை ஒளிக்கவில்லை.

மகேசண்ணைக்கு அப்போது ஐம்பது இருக்கும். மெலிந்த ஆள், கதை குறைவு. ஒருநாளும் ஏசமாட்டார். நீங்கள் வேலையை முடித்துவிட்டு நிற்க, அவர் வந்து காது கொடுப்பார். சரியில்லை என்றால் எஞ்சினை நிறுத்துவார், பொனற்றைச் சத்தமில்லாமல் மூடுவார், "பிறகு பாப்பம்" என்பார். அவ்வளவுதான். பிறகு அதே காரை அவரே திறந்து முதலிலிருந்து செய்வார். நீங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஏச்சு வாங்கினால் ஒரு தேத்தண்ணியோடு மறந்துபோகும். அந்தப் பொனற் மூடுகிற சத்தம், அதாவது சத்தமில்லாமை, இரவு பாயில் படுத்த பிறகும் கேட்கும். வேலை சரியென்றால் என்ன சொல்வார் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த வாகனத்துக்குப் போய்விடுவார்.

வாகனம் நிற்கும்போது எஞ்சின் தன்பாட்டில் ஓடுகிற மெதுவான ஓட்டத்தைக் கொழும்பில் ஐடில் என்போம். மகேசண்ணை அதற்கு வைத்திருந்த பெயர் "நிண்ட ஓட்டம்." நின்றபடி ஓடுவது. நான் முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நின்றால் எப்படி ஓட்டம்? அவர் விளக்கவில்லை. "ஓட்டத்திலை எந்த எஞ்சினும் நல்லாய்த்தான் ஓடும். நிண்ட ஓட்டத்திலைதான் அதின்ரை குணம் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

இந்தக் கதைக்கு வேண்டியது கந்தையாண்ணையின் கார். கந்தையாண்ணை சந்தியில் வாடகைக் கார் ஓட்டியவர். காது மந்தம், ஆனால் கால் பழக்கம் அபாரம். அவருடைய பழைய இங்கிலீஷ் காருக்கு, எண்ணெய்யையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேற்றர் இரண்டு. முன்னிரண்டு சிலிண்டருக்கு ஒன்று, பின்னிரண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தன் தன் கதவு, தன் தன் ஸ்குறூ. இரண்டு கதவையும் ஒரு கம்பி இணைக்கும். இப்படிப்பட்ட எஞ்சினின் நிண்ட ஓட்டத்தைப் பிடிப்பதற்கு மகேசண்ணை ஒரு முறை வைத்திருந்தார், அதில் ஒரு படி தவறினாலும் பொனற் மூடும்.

முதலில் எஞ்சின் நன்றாகச் சூடேற வேண்டும். பிறகு இணைக்கிற கம்பியின் நட்டைத் தளர்த்தி, இரண்டு கதவையும் ஒன்றில் ஒன்று தங்காமல் பிரித்துவிட வேண்டும். இரண்டு ஸ்குறூவையும் முழுக்கப் பின்வாங்கி, கதவுகள் மூடியதைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒன்றரைச் சுற்று உள்ளே விட வேண்டும். ஸ்ராட் பண்ணி, றப்பர்க் குழாயைக் காதில் வைத்து முன் வாயைக் கேள், பின் வாயைக் கேள். "உஸ்" என்ற இரைச்சல் இரண்டிலும் ஒரே கனமாக வரும்வரைக்கும் கால் சுற்றாக, அரைக்கால் சுற்றாகத் திருத்து. அதற்குப் பிறகுதான் எண்ணெய்யும் காற்றும் கலக்கிற அளவு. அதற்கும் பிறகு இரண்டு ஸ்குறூவையும் ஒரே அளவாகத் திருப்பி வேகத்தை வை. கம்பியின் நட்டை இறுக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. "ரெண்டும் சமனாய் மூச்சு விடோணும். ஒண்டின்ரை குறையை மற்றதிலை மறைக்காதை" என்பார். கொழும்பில் மீற்றர் பார்த்துச் செய்ததைவிட அந்தக் குழாயால் செய்தது சரியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

தொண்ணூறுக்குப் பிறகு, யுத்தகாலத் தடையில் பெற்றோல் இல்லை. குடாநாடு முழுக்க மண்ணெண்ணெய்யில் ஓடியது. ஒரு சின்னப் பிளாஸ்ரிக் சூப்பிப் போத்தலில் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபரேற்றர் வாயில் ஒரு பீய்ச்சுப் பீய்ச்சி எஞ்சினை எழுப்புவோம். எழுந்த பிறகு மண்ணெண்ணெய்யைக் குடிக்கும். ஓடும்போது பிரச்சினை இல்லை. நிற்கும்போதுதான் வினை. மெதுவான ஓட்டத்தில் சூடு குறையும், மண்ணெண்ணெய் முழுதாக எரியாது, பொறி கொடுக்கிற புளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் செத்துவிடும். திரும்ப எழுப்ப இன்னொரு பீய்ச்சுப் பெற்றோல் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? நான் சிரித்த அந்த நிண்ட ஓட்டம் இப்போது எல்லோருக்கும் உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. கந்தையாண்ணை நோயாளிகளை ஏற்றுகிறவர். அவர் கராஜுக்கு வந்தால் காரைக் காட்டி ஒரே வேண்டுதல்தான்: "தம்பி, எங்கை நிண்டாலும் உவள் சாகப்படாது."

அந்தத் திங்கட்கிழமையும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வாசலில் காரை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தப் பயந்தபடி நின்றார். பின் ஆசனத்தில் ஒரு கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மகேசண்ணை ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். நான் குழாயை வைத்துக் கேட்டேன். பின் காபரேற்றரின் கதவுத் தண்டு தேய்ந்து, அதன் இரு பக்கத்தாலும் கள்ளக் காற்று போய்க்கொண்டிருந்தது. அதனால் பின்னிரண்டு சிலிண்டரும் அரை உயிரில் இருந்தன. கழற்றி, தண்டுக்கு ஏதாவது ஒட்டுப் போட்டு, முறைப்படி திரும்ப வைக்க மூன்று மணித்தியாலம் வேண்டும். கிழவரைப் பார்த்தேன். முன் காபரேற்றரின் ஸ்குறூவை முக்கால் சுற்றுக் கூட்டினேன். ஓட்டம் நிமிர்ந்தது. கந்தையாண்ணை கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவசரத்துக்குச் செய்ததில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. மகேசண்ணை வந்த பிறகும் சொல்லாமல் விட்டேனே, அதில்தான் வெட்கம். சொன்னால் பொனற் மூடும். கந்தையாண்ணையிடம், "பிறகு கொண்டு வாங்கோ, இது ஒப்புக்குத்தான்" என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணியிருக்கும். வெங்காயம் ஏற்றுகிற ஒரு லொறி நின்றது. நான் ஆசனத்தில். மகேசண்ணை எஞ்சின் பக்கமாகக் குனிந்து குழாயைக் காதில் வைத்திருந்தார். எஞ்சின் விசிறிக்கு நேரே ஆள் நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஆனால் அந்த லொறியில் வேறு பக்கத்தால் காது போகாது. "கொஞ்சம் கூட்டு" என்றார். கூட்டினேன். தட்டம் விழுந்த மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் மகேசண்ணை நிலத்தில் இருக்கிறார், தொடையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஏதோ கணக்குப் பிழைத்தவர் போல என்னைப் பார்க்கிறார். விசிறியின் ஒரு தகடு வெடித்துப் பறந்திருந்தது. விரல்களுக்கு இடையால் இரத்தம் துள்ளித் துள்ளி வந்தது. அவர் சொல்லித்தான் கூட்டினேன். ஆனாலும் அமத்திய கால் என்னுடையது.

அவர் கையில் இருந்த றப்பர்க் குழாயைப் பிடுங்கி, காயத்துக்கு மேலே சாரத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். சந்தியில் நின்ற கந்தையாண்ணையின் காரைக் கூப்பிட்டார்கள். அவர் சூப்பியில் இருந்த கடைசிப் பெற்றோலைப் பீய்ச்சி எழுப்பிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் நான் குழாயின் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது மகேசண்ணை கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்தார். நோவு என்று நினைத்தேன்.

சின்ன ஆஸ்பத்திரி அது. சத்திரசிகிச்சை அறையின் யன்னல்களை உச்சி வரைக்கும் மண்மூட்டையால் அடைத்திருந்தார்கள், குண்டுக்குப் பயந்து. பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. மின்சாரம் இல்லாத காலம். ஜெனரேற்றர் எங்கே என்றால், எங்கள் கராஜில், வால்வு எரிந்து, பிரித்துப் போட்டபடி சாமானுக்குக் காத்துக் கிடந்தது. அதற்கு முன் இரண்டு தரம் கந்தையாண்ணையின் கார்தான் வெளிச்சம் கொடுத்தது. முன் லைற்றின் பல்ப்பைக் கழற்றி மேசைக்கு மேலே கட்டி, வயரை மண்மூட்டை இடுக்கால் வெளியே எடுத்துக் காரில் கொழுவுவது. இரண்டும் சின்னக் காயங்கள், பத்து நிமிட வேலை. அன்றைக்கும் எஞ்சினை நிறுத்தாமலே காரைச் சுவரோரம் விட்டு அப்படியே கொழுவினோம்.

டொக்டர் இளம் பெண். வெளியே வந்து ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு நேரம் லைற் தருவியள்?"

"எவ்வளவு வேணுமோ அவ்வளவு" என்றேன். பொய் என்று சொல்லும்போதே தெரியும்.

ஏன் பொய் என்றால், அந்தக் காரின் பற்றறி பெயருக்குத்தான் பற்றறி. புளக்குகளுக்குப் பொறி கொடுக்க மட்டும் காணும். பல்ப் எரிய வேண்டுமென்றால் டைனமோதான் கொடுக்க வேண்டும். டைனமோவுக்கும் பற்றறிக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி உண்டு, கட்டவுட் என்போம். எஞ்சின் ஓட்டம் ஒரு அளவுக்குக் கீழே விழுந்தால் அது டைனமோவைத் துண்டித்துவிடும். பிறகு பல்ப் பற்றறியை உறிஞ்சும், மஞ்சளாகும், சிவப்பாகும், கொஞ்சத்தில் பொறியும் இல்லாமல் எஞ்சினும் செத்துவிடும். ஓட்டம் கூடினால் பல்ப் எரிந்து போகும். மாற்றுக்கு மற்ற லைற்றில் இருந்தது ஒரேயொரு பல்ப். ஆக, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. செத்தால் எழுப்பப் பெற்றோல் இல்லை. தள்ளி எழுப்பலாம் என்றால் முற்றம் முழுக்கக் குருமணல். உள்ளே அறுந்த நாடி, வெளியே நான் முக்கால் சுற்றுக் களவு செய்த எஞ்சின்.

முதல் பத்து நிமிடம் நல்லாய் ஓடியது. மண்மூட்டை இடுக்கில் மிஸியின் முகம் பாதி தெரிந்தது. வயதான தாதி, நிதானமான குரல். அவதான் உள்ளே இருந்து சொல்வா, நான் வெளியே கேட்பேன் என்று ஏற்பாடு. அதற்குப் பிறகு எஞ்சின் மெல்ல ஆடத் தொடங்கியது. பின்னிரண்டு சிலிண்டரும் மண்ணெண்ணெய்யை எரிக்காமல் துப்புகின்றன என்று புகை மணத்திலேயே தெரிந்தது.

"தம்பி, மஞ்சளாய்ப் போகுது" என்றா மிஸி.

முன் ஸ்குறூவைக் கால் சுற்றுக் கூட்டினேன். வெள்ளையானது. ஐந்து நிமிடத்தில் திரும்பவும் மஞ்சள். இன்னொரு கால் சுற்று. இப்போது முழுப் பாரமும் முன்னிரண்டில், பின்னிரண்டும் இழுபட்டுக்கொண்டு போகின்றன. ஸ்குறூவில் இன்னும் ஒன்றிரண்டு புரிதான் மிச்சம். எஞ்சின் குலுங்கிய குலுக்கத்தில் பொனற்றைத் தாங்கிய கம்பி கிலுகிலுத்தது.

ஆசனத்தில் இருந்த கந்தையாண்ணை தலையை வெளியே நீட்டினார். "தம்பி, திங்கள் சரியாய்த்தானே செய்தனி?"

"ஓம் அண்ணை, சரியாய்த்தான் செய்தனான்."

அன்றைக்கு இரண்டாவது பொய். செய்ய வேண்டியது என்ன என்று தெரியும். இணைப்பைப் பிரித்துப் பின் கதவைத் தனியாக எடுத்துத் திருத்த வேண்டும். ஓடுகிற எஞ்சினில், வெளிச்சம் ஆடாமல், குழாய் இல்லாமல். குழாய் உள்ளே மகேசண்ணையின் தொடையில் கட்டியிருக்கிறது. அந்த இரைச்சலில் வெறும் காதால் இரண்டு மூச்சையும் பிரித்தறிய ஆராலும் முடியாது. பிழையாகத் திருப்பினால் சாகும். ஆகவே ஒன்றும் செய்யாமல், முன் கதவின் தண்டை விரலால் நெம்பிப் பிடித்துக்கொண்டு, மஞ்சளானால் கொஞ்சம் தள்ளுவது, கூடினால் கொஞ்சம் விடுவது என்று நின்றேன். விரல் வெந்தது. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. திடீரென்று உள்ளே ஏதோ பரபரப்பு. மிஸி இடுக்குக்கு முகத்தைக் கொண்டுவந்து சொன்னா:

"நிண்டிட்டுது."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை எதற்குச் சொல்வார்கள்? மழை நின்றாலும் நிண்டிட்டுது, பஸ் நின்றாலும் நிண்டிட்டுது. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் இருந்து ஒருவர் சொன்னால் ஒன்றே ஒன்றுதான் மனதில் வரும். மூச்சு. மகேசண்ணையின் மூச்சு நின்றுவிட்டது. என் கை தன்பாட்டில் விட்டுவிட்டது.

எஞ்சின் படுத்தது. சத்தம் ஒரு படி, இன்னொரு படி இறங்கியதைக் கேட்டேன், கேட்டும் எனக்கு அசைய வரவில்லை. இனி யாருக்கு வெளிச்சம் என்று நின்றேன். "லைற், தம்பி, லைற்" என்று மிஸியின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. எனக்குக் கேட்டதோ இல்லையோ, மந்தக் காதுக் கந்தையாண்ணைக்கு ஆசனத்தின் நடுக்கம் மாறியது தெரிந்துவிட்டது. அக்சிலேற்றரில் பூப்போலக் கால் வைத்தார். எஞ்சின் இருமியது, திணறியது, எழுந்தது. இன்னொருவர் என்றால் பயத்தில் அமத்திப் பல்ப்பை எரித்திருப்பார்.

"ரத்தம் நிண்டிட்டுது எண்டு சொன்னனான்" என்றா மிஸி. "நாடியைப் பிடிச்சாச்சு. இனித்தான் தைக்கோணும், இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும். இந்தா, இதைப் பிடியும்."

மண்மூட்டை இடுக்கால் ஏதோ ஒன்று வெளியே வந்தது. கறுப்பாக, நீளமாக, ஈரமாக. றப்பர்க் குழாய்.

மயக்க மருந்து கிடைக்காத காலம் என்பதை நான் மறந்துபோனேன். காயத்தைச் சுற்றி விறைப்பு ஊசி போட்டுத்தான் தைத்தார்கள். மகேசண்ணை அவ்வளவு நேரமும் முழு நினைவோடு மேசையில் படுத்திருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எஞ்சின், அந்தப் பக்கம் அவர்.

"அவர் உம்மட்டைச் சொல்லச் சொன்னவர்" என்றா மிஸி. மனப்பாடம் செய்த பிள்ளை போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா. "பின்னதுக்கு மூச்சு இல்லையாம். பின்னதைக் கேக்கட்டாம்."

குழாயைச் சாரத்தில் துடைத்தேன். முழுக்கப் போகவில்லை. காதில் வைத்தபோது ஈரம் பட்டது. முன் வாயைக் கேட்டேன், காற்று அலறியது. பின் வாயைக் கேட்டேன், ஒன்றுமில்லை என்று சொல்லுமளவு மெல்லிய சீறல். அவர் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டது இதைத்தான்.

மிஸியிடம் பண்டேஜ் துணி ஒரு துண்டு வாங்கினேன். காரின் முன் சில்லின் மூடியைத் தட்டிக் கழற்றி, உள்ளே இருந்த கிறீஸை அதில் பூசினேன். கந்தையாண்ணைக்குப் பக்கத்தில் போய்க் காதுக்குள் சொன்னேன்: "அண்ணை, இப்ப பிடிச்சிருக்கிற மாதிரியே பிடியுங்கோ. நான் தோளிலை தட்டினால் மயிரிழை எடுங்கோ." பிறகு மகேசண்ணையின் முறைப்படி. பின் ஸ்குறூவை உள்ளே விட்டுக் கதவைத் தாங்க வைத்தேன். அதற்குப் பிறகே கம்பியின் நட்டைத் தளர்த்தினேன். முன் கதவு கந்தையாண்ணையின் காலில், பின் கதவு என் ஸ்குறூவில், இரண்டும் பிரிந்து நின்றன. தேய்ந்த தண்டின் இரு நுனியிலும் கிறீஸ் துணியை இறுக்கிச் சுற்றிக் கள்ளக் காற்றை அடைத்தேன். சீறல் கனத்தது. கால் சுற்று. குழாய். இன்னொரு கால் சுற்று. குழாய். பின் சிலிண்டர் ஒன்று கரியைத் துப்பிவிட்டுப் பிடித்தது, பிறகு மற்றது. ஓட்டம் ஏறத் தொடங்கியது. ஓடிப்போய்த் தோளில் தட்டினேன், கால் மயிரிழை எழுந்தது. முன் ஸ்குறூவைப் பின்வாங்கினேன். முன்னுக்கும் பின்னுக்கும் எத்தனை தரம் குனிந்தேன் என்று தெரியாது.

கடைசியில் இரண்டு வாயிலும் ஒரே மூச்சு. கந்தையாண்ணை காலை முழுக்க எடுத்தார். எஞ்சின் தன்பாட்டில் நின்று ஓடியது. பொனற் கம்பியின் கிலுகிலுப்பு இல்லை. நட்டை இறுக்கினேன்.

"இப்ப வெள்ளை" என்றா மிஸி. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு அவ இடுக்குப் பக்கம் வரவேயில்லை. நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு காருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றேன். எல்லாம் முடிந்து, நிப்பாட்டலாம் என்று டொக்டர் வந்து சொன்னபோது திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. கந்தையாண்ணைதான் நிறுத்தினார்.

மறுநாள் காலை வார்ட்டுக்குப் போனேன். மகேசண்ணை வெளிறிப்போய்க் கிடந்தார். கட்டிலடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமைக் களவு, சொல்லாமல் விட்டது, கந்தையாண்ணைக்குச் சொன்ன பொய். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு கூட்டினனி?"

"முக்கால் சுத்து அண்ணை."

"ஓம். ஆஸ்பத்திரி வாசலிலை கார் நிக்கேக்கையே கேட்டது." பிறகு, "இடையிலை ஒருக்கால் விட்டிட்டாய். லைற் மங்கினது" என்றார்.

"மிஸி நிண்டிட்டுது எண்டு சொன்னவ. நான் உங்கடை மூச்செண்டு நினைச்சிட்டன்."

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. அவர் குரல் கராஜில் வருகிற அதே குரல்.

"என்ரை மூச்சாய் இருந்தாலும் நீ கையை எடுத்திருக்கப்படாது. டொக்டர் அப்பவும் குனிஞ்சுகொண்டுதானே நிண்டவ? அவவுக்கு வெளிச்சம் வேணும்."

அதற்குப் பிறகு தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்து எங்கள் தென்மராட்சி நிரம்பி வழிந்த நாட்கள் வரைக்கும் அந்தச் சுவரோரம் எத்தனையோ தரம் எஞ்சின் ஓட வைத்திருக்கிறேன். உள்ளே இருந்து என்ன குரல் வந்தாலும் கையை எடுத்ததில்லை.

வார்ட்டில் நான் "பிறகு பாப்பம்" என்ற சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை. கந்தையாண்ணை வந்திருக்கிறாரா என்று கேட்டார். எங்கேயோ ஒரு சொட்டுப் பெற்றோல் தேடி எழுப்பிக்கொண்டு வந்து வெளியே நிற்கிறார் என்றேன். காரை யன்னலடிக்குக் கொண்டுவரச் சொன்னார்.

கந்தையாண்ணை எஞ்சின் ஓடியபடியே கொண்டுவந்து நிறுத்தினார். மகேசண்ணை கண்ணை மூடித் தலையை ஒருபக்கம் சாய்த்தார். நேற்று வாசலில் சாய்த்த அதே சாய்ப்பு. வார்ட்டில் ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ ஒரு பிள்ளை அழுதது. அவர் கேட்டுக்கொண்டே கிடந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எண்ணெய் வீணாகிறதே என்று கந்தையாண்ணைக்குப் பொறுக்கவில்லை. யன்னலால் எட்டி என்னிடம் சைகையில் கேட்டார், நிப்பாட்டவோ என்று.

நான் மகேசண்ணையைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஓடட்டும்" என்றார்.